சுள்ளியில் முளைத்த ரோஜா நிறக் கிண்ணம்: அது என்ன பூஞ்சை?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு பெயர். அக்டோபரில் வால்பாறை போயிருந்தபோது, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய காட்டுப் பாதையோரம், மக்கிக் கிடந்த ஒரு சுள்ளியின் மேல் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. உள்ளே ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த நிறம், அடியில் மெல்லிய காம்பு, விளிம்பில் முடி மாதிரி ஏதோ, சிலவற்றில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று படங்களும் போட்டிருக்கிறீர்கள். போனில் இருந்த ஒரு செயலி அதை 'ஸ்கார்லெட் எல்ஃப் கப்' என்று சொன்னதாம், உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. சரி. ஆனால் கடைசி வரியில், மகள் அதில் ஒன்றைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள் என்றும் போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்க வைத்தது அந்த வரிதான் என்று படுகிறது. ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தொட்டதால் ஒன்றும் ஆகாது. காளான் நஞ்சு வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். சிவந்த விரல் வடிவில் வளரும் ஒரு பூஞ்சை ஜப்பானிலும் கொரியாவிலும் சாப்பிட்டவர்களைக் கொன்றிருக்கிறது, அதைத் தொட்டாலே தோல் சிவக்கும் என்ற பேச்சும் உண்டு. உங்கள் படத்தில் இருப்பது அதுவும் அல்ல, அதன் சொந்தமும் அல்ல. கையைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று என்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இனி பெயர். நான் தாவரவியல் படித்து, பூஞ்சையியலில் மேற்படிப்பு முடித்து, வகுப்பறையில் பல வருடம் அதையே சொல்லிக்கொடுத்தவன். மழைக்காலத்தில் மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போய் அட்டைக்கடி வாங்கிக்கொடுத்ததும் உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இது குக்கீனா என்ற பேரினம். இதில் எனக்குச் சந்தேகம் ஏறக்குறைய இல்லை. அதற்குள் எந்தச் சிற்றினம் என்றால், ட்ரைக்கோலோமா என்று சாய்கிறேன். ஆனால் உங்கள் மூன்று படங்களை வைத்து அதை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் முதலாவது உறுதி, ஏன் இரண்டாவது உறுதியில்லை என்று சொன்னால் அடுத்த முறை நீங்களே முக்கால் வழி வந்துவிடுவீர்கள்.

கிண்ண வடிவம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது இல்லை. ஒன்றோடொன்று எந்த நெருக்கமும் இல்லாத பூஞ்சைகள் தனித்தனியாக அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் கிண்ணத்தைப் பார்த்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி நிறம் என்ன என்பதல்ல, இது ஸ்போர்களை, அதாவது விதை மாதிரிப் பரவி இனம் பெருக்கும் நுண்துகள்களை, எந்தப் பக்கத்தில் உண்டாக்குகிறது என்பது. கடையில் வாங்கும் மொட்டுக் காளானும் சிப்பிக் காளானும் குடையின் அடிப்பக்கத்தில் தகடு தகடாக இருக்கும் செவுள்களில் ஸ்போர்களை உண்டாக்கும். குக்கீனா அப்படியில்லை. அதன் உட்புறம், அதாவது நிறமாக வழவழவென்று இருக்கிற அந்தப் பரப்புதான் ஸ்போர் பரப்பு. அதில் நுண்ணிய நீளக் குழாய்கள் நெருக்கமாக நட்டுவைத்தபடி நிற்கும். ஒவ்வொரு குழாய்க்கும் ஆஸ்கஸ் என்று பெயர், ஒவ்வொன்றுக்குள்ளும் வழக்கமாக எட்டு ஸ்போர்கள். பள்ளிப் புத்தகத்தில் ஆஸ்கோமைசீட்ஸ் என்று படித்திருப்பீர்கள், அந்தப் பெரும் பிரிவைச் சேர்ந்தது இது. குடைக் காளான்கள் பசிடியோமைசீட்ஸ். இரண்டும் பூஞ்சை என்பதைத் தவிர உறவில் வெகு தூரம்.

இதைக் கண்ணால் சோதிக்க முடியுமா என்றால் முடியும்: திருப்பிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் குக்கீனா கிடைக்கிற அதே சுள்ளிகளில், அதே பருவத்தில், மைக்ரோபோரஸ் சாந்தோபஸ் என்று ஒன்று மிகச் சாதாரணமாகக் கிடைக்கும். அதுவும் காம்பு வைத்த புனல் வடிவம், அதிலும் தண்ணீர் தேங்கும். ஆனால் மேலே பழுப்பு நிற வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும், காம்பு சுள்ளியில் ஒட்டும் இடம் மஞ்சளாகப் பரந்திருக்கும், மரத்தால் செய்தது போல் விறைப்பாக இருக்கும். திருப்பினால் அடியில் ஊசிமுனைத் துளைகள். லென்டினஸ் வகையில் சில சிறு காளான்களும் புனலாகக் குழிந்து, விளிம்பில் முடியோடு நிற்கும். மேலிருந்து எடுத்த படத்தில் யாரையும் ஏமாற்றும். திருப்பினால் அடியில் செவுள் செவுளாக இருக்கும், அத்தோடு கதை முடிந்தது. உங்கள் மூன்றாவது படம், பக்கவாட்டில் எடுத்தது, கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் வெளிப்பக்கத்தில் துளையும் இல்லை செவுளும் இல்லை என்று தெரிகிற அளவுக்கு இருக்கிறது. அந்தப் படம் இல்லாவிட்டால் இந்தப் பதிலை இவ்வளவு தைரியமாகத் தொடங்கியிருக்க மாட்டேன்.

கிண்ணக் காளான் என்றதும் நம்மூரில் அதிகம் பேர் கண்ணில் படுவது பறவைக்கூடு காளான். சையாத்தஸ் என்பது பேரினம். காட்டுக்கே போகவேண்டாம், மாடித் தோட்டத்துத் தொட்டியில் தேங்காய் நார்த் தூளும் சாணமும் போட்டு வைத்தால் தானாக வரும். அரை அங்குல உயரத்துக்குச் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் சிறு கிண்ணங்கள், உள்ளே ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவில் தட்டையான 'முட்டைகள்'. இளசாக இருக்கும்போது வாயை ஒரு வெள்ளைச் சவ்வு மூடியிருக்கும், பிறகு அது கிழியும். அந்த முட்டைகள் விதையும் இல்லை பூச்சி முட்டையும் இல்லை, ஸ்போர்களைக் கட்டி வைத்த பொட்டலங்கள். மழைத்துளி ஒன்று கிண்ணத்துக்குள் நேராக விழுந்தால் பொட்டலம் தெறித்து ஒரு மீட்டர் தூரம் வரைகூடப் போகும். பல இனங்களில் பொட்டலத்தோடு ஒரு நூல் இருக்கும், பறக்கும்போது அவிழ்ந்து, அதன் ஒட்டும் நுனி வழியில் இருக்கும் புல்லிலோ காம்பிலோ பிடித்துக்கொள்ளும். கிண்ண வடிவத்தால் இதற்கு என்ன லாபம் என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. குக்கீனாவில் அந்த முட்டைகள் கிடையாது. உங்கள் படத்தில் ஒரு கிண்ணத்தின் நடுவில் கறுப்பாகத் தெரிவது, பெரிதாக்கிப் பார்த்தால், தண்ணீரில் விழுந்த ஏதோ பூச்சி.

அடுத்து, செயலி சொன்ன பெயர். ஸ்கார்லெட் எல்ஃப் கப் என்பது சார்கோசைஃபா காக்சீனியா. செயலி முழுதாகத் தவறவில்லை, குக்கீனாவும் சார்கோசைஃபாவும் ஒரே குடும்பம், சார்கோசைஃபேசி. குடும்பம் சரி, பேரினம் தவறு. ஐரோப்பாவில் அது குளிர்காலத்துக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும், பாசி படர்ந்த ஈரச் சுள்ளிகளில் வரும். உட்புறம் ரத்தச் சிவப்பு, வெளிப்புறம் வெளிறி, பொடி தூவினாற்போல் மிக நுண்ணிய முடிகள். அந்த முடிகளை லென்ஸ் வைத்துத்தான் பார்க்க முடியும். காம்பு குட்டை, பல நேரம் இலைக்குப்பையில் புதைந்திருக்கும். குளிர் நாட்டுப் பூஞ்சை அது. குக்கீனா வெப்பமண்டலத்து மழைக்காடுகளில் உலகைச் சுற்றி வருவது: அமேசானிலும் ஆப்பிரிக்காவிலும் மலேசியாவிலும் நம் மலைகளிலும் இருக்கிறது. காம்பு தெளிவாக நீண்டிருக்கும், முடி வெறுங்கண்ணுக்கே தெரியும். நிறமும் வடிவமும் ஒத்துப்போனால் செயலிக்கு அதுவே போதும். இடமும் பருவமும் முடியும் அதற்கு முக்கியமில்லை. செயலிகளை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், தேடத் தொடங்க ஓர் இடத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

இன்னும் மூன்று நான்கு பேரைத் தள்ளவேண்டும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப்சியா டொமிங்கென்சிஸ் இதே குடும்பம், இதே மாதிரி மரத்தில் வரும், உள்ளே கருஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்பு. ஆனால் தடித்தது, கிண்ணத்தைவிடத் தட்டு என்று சொல்லலாம், காம்பு இல்லை அல்லது பெயருக்கு இருக்கும், முடியே இருக்காது. ஸ்கூட்டெல்லினியா சின்னது, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள், ஆரஞ்சு சிவப்புத் தட்டின் ஓரத்தில் கரும்பழுப்பு முடிகள் இமை முடி மாதிரி வரிசையாக நிற்கும். பார்க்க அழகு. காம்பு கிடையாது, முடியின் நிறமே போதும் பிரித்துச் சொல்ல. ஆரிகுலேரியா என்கிற மரக்காதுக் காளான் இளசில் கிண்ணமாகக் கவிழ்ந்திருக்கும், ஆனால் பழுப்பு நிறம், ரப்பராக இழுபடும், பசிடியோமைசீட்ஸ் வகை. மண்ணில் நேரடியாக வரும் பழுப்புக் கிண்ணங்கள் பெரும்பாலும் பெசைசா கூட்டம். அவற்றைப் படம் பார்த்து இனம் சொல்லச் சொன்னால் நான் ஓடிவிடுவேன், நுண்ணோக்கி இல்லாமல் அது நடக்காத காரியம்.

இப்போது குக்கீனாவுக்கே வருவோம். 1891-ல் ஓட்டோ குன்ட்ஸே இந்தப் பேரினத்தை அமைத்தார், ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் மோர்டெகாய் குக்கின் பெயரை வைத்தார். ட்ரைக்கோலோமா என்ற இனத்தை அதற்கு வெகு முன்பே, 1834-ல், பிரெஞ்சுக்காரர் மோன்டேன் விவரித்திருந்தார். அந்தக் காலத்தில் கிண்ணமாக எது வந்தாலும் பெசைசா என்ற பெயரில்தான் போட்டார்கள், இதையும் போட்டார்கள். ஒரு எச்சரிக்கை: வெறும் ட்ரைக்கோலோமா என்று இணையத்தில் தேடினால் செவுள் வைத்த குடைக் காளான்கள்தான் வந்து நிற்கும், அந்தப் பெயரில் வேறொரு பேரினமே இருக்கிறது. குக்கீனா என்று சேர்த்துத் தேடுங்கள்.

குக்கீனாவைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் மென்மை. சதை தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி, வளையும், கொஞ்சம் அழுத்தினால் கிழியும். கிண்ணத்தின் வாய் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர், சற்றே உள்நோக்கி வளைந்த விளிம்பு. காம்பு நடுவில் இறங்கும், கிண்ணத்தைவிட வெளிர் நிறம். தனியாகவும் வரும், ஒரே சுள்ளியில் பத்துப் பதினைந்து வரிசை கட்டியும் வரும். எப்போதும் செத்த மரத்தில், அதுவும் விழுந்து கிடக்கும் அகலிலை மரத்துச் சுள்ளியிலும் கிளையிலும்தான். மண்ணிலிருந்து வந்ததாகத் தோன்றினால் தோண்டிப் பாருங்கள், அடியில் புதைந்த குச்சி இருக்கும். மரத்தை மக்கவைப்பதுதான் இதன் தொழில். நாம் பார்க்கிற கிண்ணம் சில நாள் வந்துபோகும் உறுப்பு, பூஞ்சை என்கிற உயிர் அந்தச் சுள்ளிக்குள் வெள்ளை இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. அதனால் உங்கள் மகள் ஒரு கிண்ணத்தைப் பிடுங்கியதில் அதற்குப் பெரிய நஷ்டமும் இல்லை.

இந்தியாவில் அதிகம் பதிவாகியிருப்பவை இரண்டு: ட்ரைக்கோலோமா, ஸ்பெசியோசா. பழைய இந்தியக் கட்டுரைகளிலும் கல்லூரி மாதிரிப் பெட்டிகளிலும் சல்சிபெஸ் என்ற பெயரைப் பார்த்தால் குழம்பவேண்டாம், இப்போது பலரும் அதை ஸ்பெசியோசாவிலேயே சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்கக் கூடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், நான் சேர்ப்பவர்கள் பக்கம். 1984-ல் இந்திய மாதிரிகளை வைத்தே இண்டிகா என்று இன்னொரு இனமும் விவரிக்கப்பட்டது. உங்களுடையதில் முடி இவ்வளவு தெளிவாகத் தெரிவதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் இரண்டையும் பிரிப்பது முடி. ட்ரைக்கோலோமாவில் கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்க, விளிம்பிலிருந்து கீழே காம்பை நோக்கி, வெளிறிய நீள முடிகள் கொத்துக் கொத்தாக நிற்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் வரை இருக்கும். விறைப்பானவை, ஈரத்தில் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கூராகிவிடும். ஸ்பெசியோசாவில் முடி குட்டை, விளிம்பை ஒட்டி ஒன்றிரண்டு வளையமாக மட்டும் இருக்கும். கிண்ணத்தின் வயிற்றுப்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். பல நேரம் அந்த வளையங்களை விரலால் தடவினால்தான் தெரியும். வயிற்றில் முடி இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி பெரும்பாலும் தீர்த்துவிடும்.

நிறத்தைக் கேட்டால் இங்கே பதில் கிடைக்காது. எல்லாரும் நிறத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள், குக்கீனாவில் நம்பக்கூடாத ஒன்று அதுதான். ஸ்பெசியோசா ஒன்றே மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா, செம்பழுப்பு என்று பல நிறத்தில் வரும். ட்ரைக்கோலோமாவும் வெளிர் ரோஜாவிலிருந்து சிவப்பு வரை போகும். ஆஸ்கஸ்களுக்கு இடையே நிற்கும் மெல்லிய இழைகளில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகள்தான் இந்தச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் காரணம், கேரட்டில் இருப்பதன் உறவுக்கார வேதிப்பொருள்கள். கிண்ணம் வயசாகி வெயில் பட்டாலோ, பறித்து உலர்த்தினாலோ அந்த நிறம் வெளுத்துப்போகும். ஒரே சுள்ளியில் இளசும் முற்றியதும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிறத்தில் நிற்பதைப் பார்த்து இரண்டு இனம் என்று எழுதிக்கொண்டு வந்த மாணவர்கள் உண்டு.

உங்கள் படங்களில் முதல் இரண்டும் மேலிருந்து எடுத்தவை. அழகான படங்கள், ஆனால் அவை காட்டுவது எதற்கும் உதவாத அந்த நிறத்தைத்தான். விளிம்பைச் சுற்றி நீண்ட முடிகள் தெரிவது நிஜம், அவற்றின் நீளத்தைப் பார்த்துத்தான் ட்ரைக்கோலோமா பக்கம் சாய்ந்தேன். மூன்றாவதில் வெளிப்பக்கம் தெரிகிறது, ஆனால் வயிற்றுப்பகுதி மங்கல். அங்கே தெரியும் வெள்ளைக் கோடுகள் முடியா, கிண்ணத்தில் வழிந்த தண்ணீரில் பட்ட வெளிச்சமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. முடி என்றால் ட்ரைக்கோலோமா. வெளிச்சம் என்றால், விளிம்பு முடி சற்று நீண்ட ஸ்பெசியோசாவாகவும் இருக்கலாம். இதற்கு மேல் இந்தப் படங்களைக் கசக்கினால் கற்பனைதான் வரும்.

கையில் மாதிரி இருந்தால் நான் என்ன செய்வேன் என்றும் சொல்கிறேன், கல்லூரி ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் நீங்களும் செய்யலாம். பிளேடால் கிண்ணத்தின் சுவரை எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாகக் குறுக்கே சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, முதலில் சாயம் எதுவும் இல்லாமல் பார்க்கவேண்டும். குக்கீனாவில் கண்ணுக்கு முதலில் படுவது எல்லா ஆஸ்கஸ்களும் ஒரே பருவத்தில் இருப்பது. மற்றப் பல கிண்ணப் பூஞ்சைகளில் இளசும் முற்றியதும் கலந்து நிற்கும். இதில் இளசு என்றால் கிண்ணமே இளசு, முற்றியது என்றால் அநேகமாக எல்லாக் குழாயிலும் எட்டு ஸ்போர்களும் தயார். குழாயின் உச்சியில் ஸ்போர் வெளியேற ஒரு மூடி உண்டு, அது நட்ட நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டால் பெசைசாவின் ஆஸ்கஸ் நுனி நீலமாகும், குக்கீனாவில் ஆகாது. பிறகு காட்டன் புளூ என்ற சாயம் போட்டு ஸ்போரின் மேற்பரப்பைப் பார்க்கவேண்டும். இருபக்கமும் குவிந்த நீள்வட்ட ஸ்போர், நீளவாக்கில் முடியிழை போல் நுண்ணிய கோடுகள், நல்ல லென்ஸ் இருந்தால்தான் தெரியும். ஸ்போர் நீளம் இரண்டு இனத்திலும் சுமார் முப்பது மைக்ரான் அளவில், ஒன்றின் மேல் ஒன்று விழும்படி இருக்கும். ஆகவே அளவை மட்டும் வைத்து இனம் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

ஒரே நேரத்தில் முற்றுவதால் இதில் பார்க்கக் கிடைக்கும் ஒரு காட்சி உண்டு, அதற்கு நுண்ணோக்கி வேண்டாம். தண்ணீர் தேங்காத, நன்கு முற்றிய கிண்ணம் ஒன்றைக் கண்டால் அதன் மேல் மெதுவாக ஊதிவிட்டுச் சில விநாடி பொறுத்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கிண்ணத்திலிருந்து மெல்லிய வெண்புகை எழும். புகை இல்லை, ஆயிரக்கணக்கான ஆஸ்கஸ்கள் ஒன்றாக வெடித்து ஸ்போர்களை மேலே எறிகின்றன. ஈரக் காற்றிலிருந்து சட்டென்று உலர்ந்த காற்றுக்கு மாறும்போது, அசைவு படும்போது இது நடக்கும். கிண்ணப் பூஞ்சைகளின் இந்தப் புகையை இத்தாலியர் மிக்கேலி 1729-லேயே எழுதிவைத்துவிட்டார். காதை அருகில் வைத்தால் சில இனங்களில் 'ஸ்ஸ்' என்ற சத்தம்கூடக் கேட்கும். எல்லாம் சேர்ந்து வெடிப்பதில் என்ன லாபம் என்பதற்கு விடை ஓரளவு அண்மையில்தான் வந்தது: 2010-ல் வேறொரு கிண்ணப் பூஞ்சையை வைத்து அதிவேகக் கேமராவில் ஆராய்ந்தார்கள். ஒரு ஸ்போர் தனியாகப் பாய்ந்தால் காற்று அதைச் சில மில்லிமீட்டரிலேயே நிறுத்திவிடுகிறது. ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் பாய்ந்தால் அவையே ஒரு சிறு காற்றோட்டத்தை உண்டாக்கி, பின்னால் வருவதைச் சென்டிமீட்டர் கணக்கில் தூக்கிப் போகின்றன. காட்டின் தரையில் காற்று அசையாமல் கிடக்கும் இடத்தில் முளைக்கும் பூஞ்சைக்கு அந்தச் சில சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

நீங்கள் கேட்காத, ஆனால் கீழே இரண்டு பேர் கேட்டிருக்கிற கேள்வி: சாப்பிடலாமா? தெற்கு மெக்சிகோவில் குக்கீனாவைச் சாப்பிடுகிறார்கள், வளர்த்துப் பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். குக்கீனாவால் ஆள் செத்ததாக நான் எங்கேயும் படித்ததில்லை. ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். அங்கே சாப்பிடுபவர்கள் தங்கள் காட்டில் எது எது என்று சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். நீங்கள் கையில் வைத்திருப்பது ஒரு மங்கலான படமும் முன்பின் தெரியாத ஒருவரின் பதிலும். நெருங்கிய சொந்தம் தின்னக்கூடியது என்பதும் உத்தரவாதம் இல்லை. குக்கீனா சேர்ந்த அதே பெசைசேல்ஸ் வரிசையில்தான் வட நாடுகளின் ஊசியிலைக் காடுகளில் வரும் கைரோமிட்ராவும் இருக்கிறது, அதைப் பச்சையாகவோ அரைகுறையாக வேகவைத்தோ தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. பூச்சி கடித்திருந்தால் தின்னலாம், பூண்டு போட்டு வேகவைத்துப் பூண்டு கறுக்காவிட்டால் தின்னலாம் என்று ஊரில் சொல்வதெல்லாம் ஆபத்தான பேச்சு. ஆளைக் கொல்லும் அமானிட்டா வகைகளைப் பூச்சியும் நத்தையும் தாராளமாகத் தின்னும், பூண்டும் கறுக்காது. அவற்றைத் தின்றவருக்கு முதல் ஆறு மணி நேரமாவது ஒன்றுமே தெரியாது, தெரியும்போது கல்லீரலில் வேலை நடந்துகொண்டிருக்கும். யாராவது தெரியாத காளானைத் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மறுபடி போகப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். வால்பாறையைச் சுற்றி இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் காளான் உட்பட எதையும் எடுத்துவரக் கூடாது. சுள்ளியோடு பையில் போட்டு வந்து எனக்குத் தபாலில் அனுப்புவதாக ஒருவர் இங்கே சொல்லியிருக்கிறார், தயவுசெய்து வேண்டாம். தனியார் தோட்டத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு ஒன்றிரண்டு எடுத்தால் பரவாயில்லை. அப்படி எடுத்தால் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், சாயங்காலத்துக்குள் அழுகிவிடும். காகிதத்தில் சுற்றி, வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் போட்டு உலர்த்தவேண்டும். நிறத்தை மட்டும் பறித்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், உலர்ந்த பிறகு அது இருக்காது. முடி அப்படியே இருக்கும்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் உங்களுக்கு மாதிரி தேவையே இல்லை, நல்ல படம் போதும். மேலிருந்து ஒன்று எடுத்த பிறகு, குப்புறப் படுத்தாவது கிண்ணத்தின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, வெளிப்பக்கத்து வயிறு தெளிவாக விழும்படி ஒன்று எடுங்கள். தேங்கிய தண்ணீரை முதலில் சாய்த்துவிடுங்கள், வெளிச்சம் பட்டு ஏமாற்றாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து அளவு தெரியும்படி ஒன்று. காம்பு சுள்ளியில் ஒட்டும் இடம் ஒன்று. ஏற்கெனவே விழுந்து கிடப்பது ஏதாவது இருந்தால் அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து உள்பக்கம் ஒன்று. வெளிப்பக்கத்து வயிற்றைக் காட்டும் அந்தப் படத்தில் காம்பை நோக்கி வயிறு முழுக்க முடி இறங்கினால் ட்ரைக்கோலோமா என்றே எழுதிக்கொள்ளலாம், என்னைக் கேட்கவேண்டியதில்லை. விளிம்போடு நின்றுவிட்டால் அனுப்புங்கள், அதன் பிறகு நுண்ணோக்கி உள்ள யாரையாவது பிடிப்போம்.